கத்துவதற்கு ஓர் இடம்

கோலாலம்பூரில் எம்ஆர்டி ரயிலில் ஏறி மெர்டேக்கா நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் கண்ணில் படுவது மெர்டேக்கா 118 கோபுரம்தான். 678.9 மீட்டர் உயரம். உலகிலேயே இரண்டாவது உயரமான கட்டடம். வருகிறவர்கள் எல்லாரும் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, கைப்பேசியை மேலே தூக்கிப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கோபுரத்தின் காலடியில் ஒரு பழைய விளையாட்டரங்கம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

அதுதான் ஸ்டேடியம் மெர்டேக்கா. 1957 ஆகஸ்ட் 31 காலையில் துங்கு அப்துல் ரஹ்மான் கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கிய இடம். நாம் எல்லாரும் ஆரம்பப் பள்ளியிலேயே படித்த பாடம். அந்த ஒரு முழக்கத்துக்காகவே, ஓராண்டு காலத்துக்குள் அவசர அவசரமாகக் கட்டி முடித்த அரங்கம் அது. பிறகு 1975-இல் முகமது அலி அங்கே ஜோ பக்னருடன் குத்துச்சண்டை போட்டார். 1996-இல் மைக்கேல் ஜாக்சன் வந்து ஆடினார். மெர்டேக்கா கிண்ணப் பந்தாட்டங்களைப் பார்க்க அங்கே போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பிய அப்பாக்களும் தாத்தாக்களும் நம் குடும்பங்களில் ஏராளம்.

நான் அங்கே கத்தியது 2003 அக்டோபர் 15, புதன்கிழமை இரவு. மேடையில் இருந்தது லிங்கின் பார்க்.

தீபாவளித் துணிக்குப் பதில்

அப்போது எனக்குப் பதினேழு வயது. கிள்ளானில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்பிஎம் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அப்பா துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். இரவில் ஓட்டி, பகலில் தூங்குவார். அதனால் எங்கள் வீட்டில் பகலில் சத்தம் போடக் கூடாது. இரவில் அக்கம்பக்கத்தார் தூங்குவார்கள், அப்போதும் கூடாது. கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் தலையணைக்குள்தான். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. எங்கள் வீடு அப்படிப் பழகிவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் 'ஹைப்ரிட் தியரி' வந்து விழுந்தது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆல்பம். ஒரு வருடம் கழித்துத்தான் எங்கள் பசார் மாலாம் வரை வந்து சேர்ந்தது. நான் வாங்கியது திருட்டு சிடி என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வாக்மேன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு முதல் முறை கேட்டது நினைவிருக்கிறது. ஒருவர் பேசுவதுபோல் ராப் பாடுகிறார். இன்னொருவர் மெல்லிய குரலில் தொடங்கி, திடீரென்று நெஞ்சு கிழியக் கத்துகிறார். அந்தக் கத்தல் எனக்குப் புதிது. எதிரே நிற்கும் யாரையோ திட்டுகிற கத்தலாக அது இல்லை. தனக்குள்ளே அடைபட்டுக் கிடந்த ஒன்றை வெளியே தள்ளுகிற கத்தலாக இருந்தது. இப்படியும் ஒரு மனிதன் கத்தலாமா, அதற்குக் காசு கொடுத்து ஆட்கள் கேட்பார்களா என்று வியந்தேன்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் செஸ்டர் பென்னிங்டன். ராப் பாடியவர் மைக் ஷினோடா. அவருடைய தந்தை ஜப்பானிய வம்சாவளியினர். இசைத்தட்டுகளைச் சுழற்றும் ஜோ ஹான் கொரிய வம்சாவளியினர். அமெரிக்க ராக் குழுவில் நம் பக்கத்து முகங்கள் இருந்தது எங்கள் வகுப்புப் பையன்களுக்குப் பெரிய விஷயம். சீனப் பையன், மலாய்ப் பையன், நான் என்று எல்லாரும் அந்தக் குழுவில் எங்களுக்கென்று ஓர் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டோம்.

அவர்கள் கோலாலம்பூருக்கு வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும் வீட்டில் கேட்கவே பயமாக இருந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது. 2001-இல் இங்கே 'பிளாக் மெட்டல்' பீதி கிளம்பியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கறுப்புச் சட்டை போட்ட பையன்களைப் பள்ளிகளில் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. லிங்கின் பார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அம்மாவுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். "பேய் புடிச்ச மாதிரி கத்துறான். இதுக்குப் போயி காசா?" என்றார். வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அப்போது கட்டுப்பாடுகள் இருந்தன. மேடையில் அரைக்கால் சட்டை போடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதை ஏற்றுக்கொண்டுதான் குழு வருகிறது என்று பத்திரிகையில் வந்ததை வெட்டி வைத்து அம்மாவிடம் காட்டினேன். "பாருங்கம்மா, முழுக்கால் சட்டைதான்."

அப்பா எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"இந்த வருஷம் உனக்குத் தீபாவளித் துணி கிடையாது. சரியா?"

"சரிப்பா."

"நான்தான் கொண்டுபோயி விடுவேன். நான்தான் கூட்டிட்டு வருவேன்."

அவ்வளவுதான். டிக்கெட் காசை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரவு

அன்று அப்பா ஒரு நாள் வேலையை விட்டார். அதன் பொருள் எனக்கு அன்று புரியவில்லை. எங்கள் பழைய புரோட்டோன் சாகா காரில், மலாய்க்கார வகுப்புத் தோழன் ஒருவனையும் ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் கிளம்பினோம். வானொலி 6-இல் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நானும் தோழனும் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பாட்டில் தொடங்குவார்கள் என்று மெல்லிய குரலில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தோம்.

அது மகாதீர் பிரதமராக இருந்த கடைசி மாதம். கோலாலம்பூரில் மோனோரயில் ஓடத் தொடங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மகாராஜாலேலா நிலையத்திலிருந்து கறுப்புச் சட்டைக் கூட்டம் கூட்டமாக இறங்கி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சின் வூ அரங்கத்தை ஒட்டிய சாலையில் அப்பா எப்படியோ ஓர் இடம் பிடித்துக் காரை நிறுத்தினார். "முடிஞ்சதும் இங்கதான் வரணும். வேற எங்கயும் போகக் கூடாது," என்றார். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக் கொடுத்தார்.

உள்ளே நுழைந்தபோது வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. ஸ்டேடியம் மெர்டேக்கா இன்றைய அரங்கங்களைப்போல் பெரியது அல்ல. அதுதான் அதன் அழகு. மேலே திறந்த வானம். எங்கே நின்றாலும் மேடை கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். புல்தரையில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். எனக்கு முன்னால் தலைத்துணி அணிந்த இரண்டு பெண்கள், பக்கத்தில் ஈப்போவிலிருந்து பேருந்தில் வந்த நான்கு சீனப் பையன்கள். பின்னால் ஒரு தமிழ்க் குரல், "டேய் தள்ளாதடா" என்று. திரும்பிப் பார்க்காமலே சிரித்தேன்.

விளக்கு அணைந்தது. அடுத்த நொடி எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது? காதில் கேட்டது பாதி. மீதி நெஞ்சு எலும்பில் கேட்டது. செஸ்டர் ஒல்லியான மனிதர். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை இரண்டாக மடித்து, அடிவயிற்றிலிருந்து கத்துவார். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் நம்ப முடியாது.

முதல் இரண்டு பாட்டுக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பழக்கதோஷம். மூன்றாவது பாட்டில் தோழன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அப்போதுதான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கத்தும்போது உன் கத்தல் யாருக்கும் தொந்தரவு இல்லை. யாரும் எழுந்து வந்து கதவைத் தட்டப்போவதில்லை. பதினேழு வருடம் தலையணைக்குள் போனதெல்லாம் அன்று வெளியே வந்தது. ஏன் அழுகிறேன் என்று தெரியாமல் அழுதுகொண்டே கத்தினேன். 'இன் தி எண்ட்' வந்தபோது அரங்கமே பாடியது. வீட்டில் ஆங்கிலம் பேசாத நாங்கள் ஒரு சொல் பிசகாமல் பாடினோம்.

முடிந்து வெளியே வந்தபோது எனக்குக் குரலே இல்லை. காது கொய்ங் என்றது. அப்பா காருக்கு வெளியே, கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். திறந்தவெளி அரங்கம் அல்லவா? மொத்தக் கச்சேரியும் அவருக்குக் கேட்டிருக்கிறது. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"அந்தப் பையனுக்குத் தொண்டை வலிக்காதா?"

நானும் தோழனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். பத்து தீகா டோல் தாண்டியதும், யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"1980-ல இதே ஸ்டேடியத்துல நானும் கத்துனேன். ஒலிம்பிக் தகுதி ஆட்டம். கொரியாவ ரெண்டுக்கு ஒன்னுன்னு அடிச்சோம். ஜேம்ஸ் வோங் அடிச்ச கோலு. வல காத்தது நம்ம ஆறுமுகம். மூணு நாளு எனக்குப் பேச்சே வரல. உங்க பாட்டி பயந்துட்டாங்க."

ஆறுமுகத்தின் கையின் நீளத்தைப் பார்த்து ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்த கதையை நான் அன்றுதான் முதல் முறை கேட்டேன். பல வருடம் கழித்து 'ஓலா போலா' படம் வந்தபோது இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த அந்த ஆட்டம், எனக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில், நள்ளிரவில், அப்பா வாயால் தெரிந்தது.

"அப்புறம் என்னாச்சு அங்கிள்? மாஸ்கோ போனாங்களா?" என்று தோழன் மலாயில் கேட்டான்.

"போகல. ஆப்கானிஸ்தான் சண்டையால புறக்கணிச்சிட்டாங்க. ஜெயிச்சோம். ஆனா போகல."

அதற்குப் பிறகு கிள்ளான் வரும்வரை அவர் பேசவில்லை. அப்பா என்னிடம் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

பாடாங், 2011

எட்டு வருடம் கழித்து அவர்களை மீண்டும் பார்த்தேன். 2011 செப்டம்பர், சிங்கப்பூர் கிராண்ட் பிரீ கார்ப் பந்தய வாரம். பந்தயத்தோடு சேர்ந்த இசை நிகழ்ச்சிக்காக லிங்கின் பார்க் பாடாங் திடலுக்கு வந்திருந்தது. 2003-இல் என்னோடு வந்த அதே தோழன் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தான். "உனக்கும் ஒரு டிக்கெட் இருக்கு, வா," என்றான்.

இதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. அந்த ஆண்டு தொடக்கத்தில் எனக்கு வேலை போயிருந்தது. பட்டம் வாங்கிய பிறகு கிடைத்த முதல் வேலை. வீட்டில் சொல்லவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். கோலாலம்பூரில் பேரங்காடி, நூலகம், ரயில் நிலையம் என்று உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புவேன். மாதக் கடைசியில் சேமிப்பிலிருந்து எடுத்து அம்மாவிடம் 'சம்பளம்' கொடுப்பேன். ஏழு மாதம் இப்படி ஓடியது. சேமிப்பு தீர்ந்துகொண்டிருந்தது. தூக்கம் போய்விட்டது. ரயில் நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க எனக்கே பயமாக இருந்த நாட்கள் அவை. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இரவுப் பேருந்தில் கிளம்பி, விடியற்காலையில் பீச் ரோடு கோல்டன் மைல் கட்டடத்தின் முன்னால் இறங்கினேன். தோழன் வந்து கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் பாடாங். ஒரு பக்கம் பழைய நகர மண்டபம், தூரத்தில் மரினா பே கட்டடங்களின் வெளிச்சம். 1966-இல் சிங்கப்பூரின் முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்த திடல் அது. ஒரு நாடு தன் குரலை எழுப்ப வைத்திருந்த இடத்தில் நான் மறுபடியும் போய் நிற்கிறேன் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் யோசித்தபோதுதான் தோன்றியது.

செஸ்டருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. சிறு வயதில் தனக்கு நேர்ந்த கொடுமையையும், போதைப் பழக்கத்தோடு நடத்திய போராட்டத்தையும் அவர் பேட்டிகளில் மறைக்காமல் பேசியவர். அதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் அன்று அவர் கத்தியபோது பதினேழு வயதில் கேட்டதைவிட வேறு மாதிரி கேட்டது. 'எனக்கும் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது, வா சேர்ந்து கத்துவோம்' என்று அழைப்பதுபோல் இருந்தது. கத்தினேன். ஏழு மாதத்தில் முதல் முறை சத்தமாக மூச்சு விட்டேன்.

ஒரு கச்சேரி யாரையும் குணப்படுத்திவிடாது. அப்படி நான் சொன்னால் அது பொய். ஆனால் அன்று இரவு தோழன் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு, குரல் போன தொண்டையோடு, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்து என்னோடு கிள்ளான் வரை வந்து, ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான். அந்த மருத்துவர் தகுந்த இடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து மெல்ல மேலே வந்தேன். நான்கு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. வீட்டுக்கு அப்போதும் எதுவும் தெரியாது. வேலை மாறிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அப்பா, "சரி," என்றார்.

புதிய ரயில் நிலையம்

2017 ஜூலை 17, திங்கட்கிழமை. காஜாங் எம்ஆர்டி தடத்தின் இரண்டாம் கட்டம் திறந்தது. மெர்டேக்கா நிலையம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. என் வேலையிடத்துக்கு அந்தத் தடம் வசதியாக அமைந்தது. அந்த வாரம் முழுக்க ரயிலில் அந்த நிலையத்தின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் 2003 ஞாபகம் வரும். ஒரு நாள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கைப்பேசியில் முப்பதுக்கும் மேற்பட்ட செய்திகள். முதலில் தோழனிடமிருந்து வந்தது. ஒரே வரி. செஸ்டர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அமெரிக்காவில் ஜூலை 20. வயது 41. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவருடைய நெருங்கிய நண்பரான பாடகர் கிறிஸ் கார்னெல் அதே போல் இறந்திருந்தார். செஸ்டர் இறந்தது அந்த நண்பரின் பிறந்த நாளில்.

அலுவலகம் போனேன். வேலை செய்தேன். மதியம் சாப்பிட்டேன். இளைய பணியாளர்கள் இரண்டு பேர் கண் கலங்கியிருந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. மாலையில் ரயில் மெர்டேக்கா நிலையத்தில் நின்றதும் கால் தானாக இறங்கிவிட்டது.

கோபுரத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த நேரம். எங்கும் தகர வேலி, தூசி, பாரந்தூக்கி. அரங்கத்தின் வாசல் பூட்டியிருந்தது. கம்பிக்கு இடையில் கொஞ்சம் பச்சைப் புல் தெரிந்தது. அந்தப் புல்லில்தான் நின்றேன். கத்தச் சொல்லிக்கொடுத்தவர் போய்விட்டார். அவ்வளவு கத்தியும் அவருக்குள் இருந்தது தீரவில்லையா? அப்படியானால் என்னுடையது? இந்த இரண்டு கேள்விகளும்தான் சுற்றிச் சுற்றி வந்தன.

கைப்பேசி அடித்தது. அப்பா. அவர் சாதாரணமாக என்னை அழைப்பதில்லை. அம்மாதான் அழைப்பார்.

"எங்க இருக்க?"

"ஸ்டேடியம் மெர்டேக்கா முன்னாடிப்பா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"தொண்டை கிழியப் பாடுவானே, அந்தப் பையன். செய்தியில காட்டுனாங்க." மறுபடியும் நிறுத்தினார். "தம்பி, நீ நல்லா இருக்கியா?"

முப்பத்தொரு வயதில், அப்பா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் முறை. சாப்பிட்டியா, காசு இருக்கா, கார் சர்வீஸ் பண்ணிட்டியா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை. நான் வேலிக்குப் பக்கத்தில் குத்துக்கல்லில் உட்கார்ந்து சொன்னேன். 2011-ஐச் சொன்னேன். பொய்ச் சம்பளத்தைச் சொன்னேன். மஞ்சள் கோட்டைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. ஒரு கட்டத்தில் தொடர்பு துண்டித்துவிட்டதோ என்று, "அப்பா?" என்றேன். "இருக்கேன். சொல்லு," என்றார்.

எல்லாம் முடிந்ததும், "சொல்லியிருக்கலாமே," என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "நானும் கேட்டிருக்கலாம்," என்றார்.

அந்த ஆண்டு அக்டோபர் 27-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஹாலிவுட் போல் அரங்கில் அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. 'நம்ப்' பாட்டு வந்தபோது குழுவினர் இசையை மட்டும் வாசித்தார்கள். செஸ்டரின் ஒலிவாங்கி ஆள் இல்லாமல் நின்றது. கூட்டம் பாடியது. அதை நான் கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், சத்தமாக வைத்துப் பார்த்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பகல் நேரம். யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஜாகர்த்தா

2024 செப்டம்பரில் லிங்கின் பார்க் திரும்பி வருவதாக அறிவித்தது. செஸ்டர் நின்ற இடத்தில் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண் பாடகி. நவம்பரில் 'ஃபிரம் ஜீரோ' என்ற புதிய ஆல்பம். பழைய ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றோம். நான் போகக் கூடாது என்ற கட்சியில்தான் இருந்தேன். என்னை மாற்றியது அக்கா மகள். பதினாறு வயது. செஸ்டர் இறந்தபோது அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். 'மெட்டியோரா' அவள் பிறப்பதற்கு முன்பே வந்த ஆல்பம். "மாமா, நீங்க பாத்துட்டீங்க. நான் பாக்கலையே," என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது?

2025 பிப்ரவரி 16, ஞாயிறு. ஜாகர்த்தாவின் கெலோரா புங் கார்னோ விளையாட்டு வளாகம். 1962 ஆசிய விளையாட்டுகளுக்காக சுகர்னோ காலத்தில் எழுந்த இடம். அங்கேயுள்ள மாட்யா அரங்கில் கச்சேரி. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். நகருக்குள் போக்குவரத்து நெரிசலுக்கு அதைவிட அதிக நேரம் ஒதுக்கி வையுங்கள். விடுதியைச் சுடிர்மான் சாலைப் பக்கம் எடுத்தால் எம்ஆர்டியில் இஸ்தோரா நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். பிப்ரவரி அங்கே மழைக்காலம். வாசலில் பிளாஸ்டிக் மழைச்சட்டை விற்கும் அம்மாக்களிடம் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. நம் மலாய் அங்கே நன்றாகவே செல்லும். என்ன, கொஞ்சம் சிரிப்பார்கள்.

அக்கா மகளை முன்னால் நிறுத்தி, நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். மைக் ஷினோடாவுக்கு நாற்பத்தெட்டு வயது. முகத்தில் தெரிந்தது, குரலில் தெரியவில்லை. எமிலி வாயைத் திறந்து கத்திய முதல் கத்தலில் எனக்கு முதுகு சிலிர்த்தது. அது செஸ்டரின் குரல் இல்லை. அவரைப்போல் பாட அந்தப் பெண் முயலவும் இல்லை. தன்னுடையதைக் கத்தினார். எனக்கு முன்னால், எங்கள் குடும்பத்திலேயே அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கிய பெண், இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். என்ன கத்துகிறாள், எதற்காகக் கத்துகிறாள் என்று எனக்குத் தெரியாது. விடுதிக்குப் போனதும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதியில் அப்பாவைக் காணொளியில் அழைத்தேன். இப்போது அவருக்கு எழுபது கடந்துவிட்டது. லாரி ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. கைப்பேசியை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். என்ன தெரிந்ததோ, என்ன கேட்டதோ, தெரியவில்லை. திரையில் அவர் முகம் மட்டும் உற்றுப் பார்த்தபடியே இருந்தது. ஏதோ சொன்னார். இந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பாட்டு முடிந்து கொஞ்சம் அமைதியானதும், காதில் வைத்து, "என்னப்பா சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தொண்டை வலிக்காதான்னு கேட்டேன்," என்றார்.

அன்று இரவு விடுதி அறையில் அக்கா மகளிடம் கேட்டேன். "நல்லா இருக்கியாம்மா?" அவளுக்குக் குரல் போயிருந்தது. பக்கத்திலிருந்த தாளை எடுத்து, "காலையில் சொல்கிறேன் மாமா. கொஞ்சம் நீளம்," என்று எழுதிக் காட்டினாள்.

காலையில் விமான நிலையத்தில் ஆளுக்கொரு கோப்பியோடு உட்கார்ந்தோம். அவள் சொன்னாள். நான் கேட்டேன்.